கோடு ஆறுவதற்குள்

கண்ணாடிக் கடை மாஸ்டர் மூச்சை இழுத்து நிறுத்திவிட்டார். இனி யாரும் பேசக் கூடாது. வாசலில் நிற்கும் வாடிக்கையாளர் தொண்டையைச் செருமக் கூடாது, மேசைக்குப் பின்னால் இருக்கும் மனைவி பேனாவை உருட்டக் கூடாது, மச்சினன் வண்டிச் சாவியை ஆட்டக் கூடாது. கட்டரின் சின்னச் சக்கரத்தைக் கண்ணாடியின் மேல் விளிம்பில் வைக்கிறார். இடது கை அளவுகோலை அழுத்துகிறது. தன் வயிற்றை நோக்கி ஒரே இழுப்பு. சர்ர்ரென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆறடிக் கண்ணாடியில் தலைமுடி அளவுக்கு ஒரு கோடு விழுந்துவிட்டது.

அந்த நிசப்தத்தில்தான் அது கேட்கும். டிக், டிக், டிக். புதிதாக வந்தவர்கள் சுவரைப் பார்ப்பார்கள். சுவரில் இருப்பது முள் சத்தமில்லாமல் நகர்கிற கடிகாரம். அடுத்து தங்கள் மணிக்கட்டைக் காதில் வைத்துப் பார்ப்பார்கள். கடைசியில் அவர் நெஞ்சைப் பார்ப்பார்கள். ஆறு வருஷத்துக்கு முன்னால் அங்கே கெட்டுப்போன வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்தார்கள். அது மூடும்போதெல்லாம் சத்தம் போடும். தெருவுக்கு அவர் ‘டிக்டிக் மாஸ்டர்’. அதில் அவருக்குக் கோபமும் கிடையாது. “சாவி குடுக்க வேணாம், பேட்டரி மாத்த வேணாம். எங்க வீட்டம்மா குடுக்கிற மாத்திரையில ஓடுது” என்பார்.

கோடு போட்டாயிற்றா, உடனே உடைக்க வேண்டும். அவர் தொழிலில் அதுதான் முதல் சட்டம். கோடு விழுந்ததும் கண்ணாடி அந்த வழியே பிரியத் தயாராக இருக்குமாம். காக்க வைத்தால் மனசு மாறி இஷ்டத்துக்குக் கோணிக்கொண்டு உடையுமாம். இதை அவர் “கோடு ஆறிடும்” என்று சொல்வார். கோடு போட்ட கண்ணாடியை விட்டுவிட்டு அவர் போன் எடுத்ததில்லை, தேநீர் குடித்ததில்லை. ஒருமுறை ஊரிலிருந்து மாமியார் வந்து கடை வாசலில் நின்றபோதுகூட, கண்ணாடியை உடைத்துச் சுவரில் சாய்த்துவிட்டுத்தான் “வாங்க” என்றார். அந்த அம்மாள் அதை இன்னும் மறக்கவில்லை. விசேஷத்துக்கு விசேஷம் சொல்லிக் காட்டுகிறார்.

ஆள் நெடுநெடுவென்று உயரம், கொஞ்சம் கூன். சட்டைப் பையில் மூன்று மார்க்கர் பேனா, மூன்றில் இரண்டு எழுதாது. வாடிக்கையாளர் கொண்டுவரும் அளவை ஜென்மத்தில் நம்ப மாட்டார். “நீங்க சொன்னது சரியாத்தான் இருக்கும். ஆனா நான் ஒரு தடவ பாத்துடறேன்” என்று நாடாவை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்கே போய்விடுவார். நாளெல்லாம் முகம் பார்க்கிற கண்ணாடிகளுக்கு நடுவே நிற்கிறவர், தன் முகத்தை மட்டும் பார்ப்பதில்லை. கண் எப்போதும் ஓரத்தில். “நடுவுல இருக்கிறது சாது. கண்ணாடிக்குக் கோபமெல்லாம் ஓரத்துலதான்.”

கையுறை போடச் சொன்னால் மட்டும் ஆகாது. “கையுறை போட்டா கண்ணாடி சொல்றது கைக்குக் கேக்காது” என்பார். அந்தக் கைகளைப் பார்க்க வேண்டுமே! விரல்களில் பழைய வடுக்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். ஆபரேஷனுக்கு முன்னால் வெட்டு என்றால் விரலை வாயில் வைத்து ஒரு உறிஞ்சு, அடுத்த வேலை. இப்போது அப்படி முடியாது. அதற்குக் காரணம் மாத்திரை.

மாத்திரை மாலை ஆறு மணிக்கு. பொட்டு அளவு, வெளிர் ரோஜா நிறம். அதை முழுங்கினால் ரத்தம் சுலபத்தில் உறையாது. உலோக வால்வுக்கும் ரத்தத்துக்கும் ஒத்துப்போகாது. விட்டால் ரத்தம் அதன்மேல் ஒட்டிக் கட்டியாகிவிடும். கட்டி வால்வை அடைக்கலாம், பிய்ந்துகொண்டு மூளைக்கும் போகலாம். அதற்காக மாத்திரையை அள்ளி விழுங்கவும் முடியாது. கூடினால் சின்னக் கீறலும் நிற்காமல் ஒழுகும், உள்ளுக்குள் ஒழுகினால் வெளியே தெரியவும் தெரியாது. மாதம் ஒருமுறை ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். அதில் வருகிற எண் இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் இருக்க வேண்டும். அந்தக் குறுகலான சந்துக்குள்தான் ஆறு வருஷமாக இந்தக் குடும்பம் குடித்தனம் நடத்துகிறது.

சந்துக்குக் காவல் மனைவி. கடையில் அளவு எழுதுவது, ஆர்டர் பேசுவது, வாடிக்கையாளரைச் சமாளிப்பது எல்லாம் அவள்தான். ஆனால் அவர் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் ‘மாத்திரை போலீஸ்’. கீரை சமைத்தால் கிண்ணத்தில் அளந்துதான் வைப்பாள். ஒரு நாள் ஏற ஒரு நாள் இறங்கச் சாப்பிட்டால் அந்த எண்ணும் ஆடுமாம். தினமும் மாத்திரை கொடுத்ததும் நோட்டில் ஒரு சரி போடுவாள். தலைவலி மாத்திரையைக்கூட டாக்டரைக் கேட்காமல் தர மாட்டாள். சவரக் கத்தியை என்றைக்கோ தூக்கிப் போட்டுவிட்டாள். ஆரம்பத்தில் மாத்திரை கொடுத்ததும் “ஆ காட்டுங்க” என்று வாயைத் திறக்கச் சொல்வாள். நாலாம் நாள் அவர் குதித்துவிட்டார். “நான் என்ன ஒண்ணாங்கிளாஸ் பையனா? கடையில நாலு பேர் முன்னாடி வாயப் பொளந்து காட்டணுமா? எனக்குன்னு ஒரு மானம் மரியாதை இல்ல?” சரி, போகட்டும் என்று விட்டுவிட்டாள். ஆறு வருஷத்தில் அவள் விட்டுக்கொடுத்தது அது ஒன்றுதான்.

சமீபகாலமாக, மாத்திரை வாய்க்குள் போனதும் அவர் பின்னறைக்குப் போவார். ஜன்னல் சட்டத்தில் கண்ணாடியைப் பதிக்கப் புட்டி என்று ஒரு பசை உண்டு, பிசைந்த மாவு மாதிரி இருக்கும். பின்னறை அலமாரியில் அது ஒரு பெரிய உருண்டையாக இருக்கும். அதைக் கட்டைவிரலால் நாலு அமுக்கு அமுக்கிவிட்டு வருவார். “விரலுக்கு எக்சர்சைஸ்.” அவளும் சிரித்துக்கொண்டாள். ஆம்பளைகளுக்கு ஆயிரம் கிறுக்கு, இது ஒன்று கூட இருந்துவிட்டுப் போகட்டும் என்றிருந்தாள்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒன்று நடந்தது. அவளுக்குத் தெரியாது, மச்சினனுக்கு மட்டும் தெரியும். ஒரு அழகு நிலையத்தில் நிலைக்கண்ணாடி மாட்டும்போது முனை அவர் மணிக்கட்டில் குத்திவிட்டது. சின்னக் குத்துதான். ஆனால் ரத்தம் நிற்கவில்லை. வெள்ளைத் தரை, வெள்ளை நாற்காலி, வெள்ளைத் துண்டு, எல்லாவற்றிலும் சொட்டு. அரை மணி நேரத்துக்குமேல் ஒரு மூலையில் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைக்காரப் பெண் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. மச்சினனைத் தனியாகக் கூப்பிட்டு, “அவருக்கு ஏதாவது வியாதியா? அடுத்த தடவ வேற யாரையாவது அனுப்புங்க” என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். சுற்றிலும் கண்ணாடி, அவள் வாய் அசைந்தது பத்துப் பக்கம் தெரிந்தது. முப்பது வருஷமாகக் கண்ணாடி அறுக்கிற மனிதருக்கு அது எங்கே போய்க் குத்தியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வண்டியில் வரும்போது, “உங்க அக்காகிட்ட மூச்சு விடாத” என்றார். அவனும் விடவில்லை.

அது நடந்து இரண்டு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை. மத்தியானம் மூன்று மணி. ஒரு உடற்பயிற்சிக் கூடத்துக்கு ஆறு பெரிய கண்ணாடி, சாயங்காலத்துக்குள் வேண்டும். நாலு முடிந்து ஐந்தாவது மேசையில் கிடந்தது. மூச்சை நிறுத்தினார். கடை அடங்கியது. சர்ர்ர். அவள் தலையைத் தூக்கினாள்.

ஏதோ ஒன்று இல்லை. என்னவென்று பிடிபடவில்லை. அவர் தட்டினார், உடைத்தார், சாய்த்தார். மின்விசிறிச் சத்தமோ என்று எழுந்து அதை நிறுத்தினாள். கடை முழுக்க அமைதி. அந்த அமைதியில் அவர் மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது. ஒரு வாரமாகவே வாங்குகிறது. வீட்டு மாடிப் படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிடுகிறார். கேட்டால், “கண்ணாடித் தூசிம்மா” என்கிறார்.

“என்னங்க, சத்தத்தக் காணோம்.”

“எந்தச் சத்தம்?”

“உங்க சத்தம்.”

அவர் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டார். “ஆறு வருஷமா லீவு போடாம ஓடுது. ஒரு நாள் போட்டுட்டுப் போகட்டுமே” என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் இருமலாகிவிட்டது.

தம்பி பார்க்கிறானே என்றெல்லாம் அவள் நினைக்கவில்லை. நேரே போய் அவர் சட்டைமேல் காதை வைத்தாள். டிக் இல்லை. ஈரத்துணியைத் தரையில் போட்ட மாதிரி மந்தமாக ஒரு ‘தப்’. மறுபடியும் ஒரு ‘தப்’.

“மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?”

“நீதான குடுக்கிற, நீதான பாக்கிற.”

சொல்லும்போது அவர் கண் கண்ணாடியின் ஓரத்தில் இருந்தது. தம்பியைப் பார்த்தாள். அவன் சாவிக்கொத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் சேர்ந்து எதையோ முழுங்குகிறார்கள். இல்லை, ஒருத்தர் எதையோ முழுங்காமலே இருக்கிறார். ஆறு மணி, மாத்திரை, பின்னறை, கட்டைவிரல். அவளுக்குப் பொறி தட்டிவிட்டது. ஓடினாள்.

உருண்டை அலமாரியில் இருந்தது. மேல்பக்கம் காய்ந்து தோலாகிவிட்டிருந்தது, அதில் கட்டைவிரல் தடங்கள். சுரண்டும் தகட்டை எடுத்து நடுவில் குத்திப் பிளந்தாள். வெள்ளைப் பசைக்குள் வெளிர் ரோஜா நிறத்தில் ஒரு புள்ளி. இன்னொரு பிளவு, இன்னும் மூன்று. பதினேழு வரைக்கும் எண்ணினாள். அதற்குமேல் கண் தெரியவில்லை. தன் கையால் எடுத்துக் கொடுத்து, தண்ணீர் கொடுத்து, நோட்டில் சரி போட்ட மாத்திரைகள்! அடப்பாவி மனுஷா, நாக்குக்கு அடியில் ஒளித்துக்கொண்டு வந்து இங்கே புதைத்துக்கொண்டிருந்தாயா?

உருண்டையோடு திரும்பி வந்தாள். அவர் அதற்குள் ஆறாவது கண்ணாடியில் கோடு போட்டு முடித்திருந்தார்.

“இது என்ன?”

அவர் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை. “இரு. கோடு போட்டுட்டேன்.”

“இது என்னன்னு கேக்குறேன்!”

“ஆறிடும். ஒரே ஒரு நிமிஷம்.”

அந்த ஒரு நிமிஷத்தை அவள் சாகும்வரை மறக்க மாட்டாள். கண்ணாடியைக் கொஞ்சம் தூக்கினார். அடியில் டொக், டொக் என்று தட்டினார். மேசை விளிம்புக்கு இழுத்தார். ஒரு அழுத்து. நூல் பிடித்த மாதிரி பிரிந்தது. இரண்டு பாதியையும் தனித்தனியாகக் கொண்டுபோய்ச் சுவரில் சாய்த்தார். துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார். அப்புறம் மேசையின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். உதடு நீலமாக இருந்தது. “சொல்றேன்... இரு” என்றார். சொல்ல மூச்சு இல்லை.

தம்பியும் அவளும் சேர்ந்து வண்டியில் ஏற்றினார்கள். கண்ணாடி வைக்கும் மரச்சட்டத்தில் சாய்ந்துகொண்டு துண்டு துண்டாகச் சொன்னார். பெரிய வேலை வரும் என்றால் இரண்டு நாள் முன்னாலிருந்தே நிறுத்திவிடுவாராம். வெட்டுப்பட்டால் ரத்தம் சீக்கிரம் நின்றுவிடுமாம். “டெஸ்டுக்கு ஒரு வாரம் முன்னாடி... கரெக்டா போட்டுடுவேன். நம்பர் சரியா வந்துடும்.” என்ன ஒரு சாமர்த்தியம்! கண்ணாடியைக் கால் மில்லி பிசகாமல் அறுக்கிற மூளை இப்படியா கணக்குப் போடும்? அவளுக்கு அறையலாம் போல இருந்தது. கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, அந்த அழகு நிலையத்துல...” என்று தம்பி ஓட்டிக்கொண்டே ஆரம்பித்தான்.

“அப்புறம் பேசிக்கலாம். நீ ரோட்டப் பாரு.”

ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். வால்வின் இரண்டு இதழ்களில் ஒன்று அசையவே இல்லை, அதன்மேல் ரத்தக்கட்டி. டாக்டர் ஒல்லியான பெண், கண்ணைப் பார்த்துப் பேசுகிறவர். சேதி எல்லாம் கேட்டுக்கொண்டார். திட்டவில்லை. மாஸ்டரின் மணிக்கட்டைத் திருப்பி அந்தப் பழைய குத்துத் தழும்பைத் தொட்டார். “இத பத்து பதினஞ்சு நிமிஷம், துணிய எடுத்து எடுத்துப் பாக்காம அழுத்திப் பிடிச்சிருந்தா நின்னுருக்கும். நிக்கலேன்னா இங்க ஓடி வந்திருக்கலாம். இப்ப உள்ள இருக்கிறத எங்க அழுத்திப் பிடிப்பீங்க, சொல்லுங்க?”

மாஸ்டர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். கட்டியைக் கரைக்கிற மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றப் போகிறார்கள். கரையும்போது ஒரு துணுக்கு பிய்ந்து மூளைக்குப் போய்விடலாம். வேறெங்காவது ரத்தம் கசியவும் செய்யலாம். மருந்து கேட்கவில்லையென்றால் மறுபடியும் நெஞ்சைத் திறக்க வேண்டியிருக்கும். “நாங்க பாத்துக்கிட்டே இருப்போம். நீங்களும் பேச்சுக் குடுத்துக்கிட்டே இருங்க. வாய் குழறினாலோ, ஒரு கை தூக்க முடியலன்னாலோ, முகம் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு நொடி தாமதிக்காம கூப்பிடுங்க.”

பேச்சுக் கொடுப்பதா? என்ன பேசுவாள்? வாயைத் திறந்தால் வசவுதான் வரும், இல்லையென்றால் அழுகை வரும். நாற்காலியைக் கட்டில் ஓரத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, கடையில் கேட்கிற மாதிரியே கேட்டாள்.

“ஆறுக்கு நாலு அடி. ஆறு மில்லி கண்ணாடி. எடை எவ்வளவு?”

அவர் திரும்பிப் பார்த்தார். “முப்பத்து மூணு கிலோ.”

“அஞ்சு மில்லின்னா?”

“இருபத்தெட்டு.”

“ரெண்டு கையையும் தூக்குங்க. ம். பத்து மில்லி?”

“அம்பத்தாறு. ஒரு ஆள் தூக்கக் கூடாது.”

சொட்டு இறங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சொட்டும் கட்டியைக் கரைக்கிறதா, பிய்க்கிறதா என்று யாருக்குத் தெரியும்? அவர் பதில் சொல்லும்போது அவள் உதட்டையே பார்த்தாள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அசைகிறதா? ‘ழ’ ஒழுங்காக வருகிறதா? கதவுக் கண்ணாடி, கார்க் கண்ணாடி, மீன்தொட்டிக் கண்ணாடி என்று உலகத்தில் உள்ள கண்ணாடியையெல்லாம் கேட்டு முடித்தாள். மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

“எட்டு மில்லி?”

பதில் இல்லை.

“எட்டு மில்லிங்க. ஆறுக்கு நாலு. எவ்வளவு?”

கண் மூடியிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. “நர்ஸம்மா!” என்று அவள் போட்ட சத்தத்தில் அடுத்த கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். நர்ஸ் ஓடி வந்து மாஸ்டரின் கண்ணிமையைத் தூக்கினாள்.

“நாப்பத்தஞ்சு” என்றார் மாஸ்டர், தெளிவாக. “கொஞ்ச நேரம் கண்ண மூட விடேன்மா.”

நர்ஸ் சிரித்துவிட்டாள். மனைவி சிரிக்கவில்லை. கட்டில் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். அன்றைக்கு அவள் அழுதது அப்போதுதான்.

மறுநாள் காலையில், நர்ஸ் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியைக் கழற்றிவிட்டுப் போனபின், அது கேட்டது. முதலில் எங்கோ பக்கத்து வீட்டில் தட்டுகிற மாதிரி. பிறகு கொஞ்சம் கூர்மையாக. டிக். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். டிக், டிக். அவரும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

மறுபடி எடுத்த படத்தில் இரண்டு இதழும் அசைந்தன. ரத்தம் உறையாமலிருக்க வேறொரு சொட்டு மருந்து, கூடவே பழைய மாத்திரை, தினமும் ரத்தப் பரிசோதனை. எண் பழைய சந்துக்குள் வந்து நின்ற பிறகுதான் வீட்டுக்கு விட்டார்கள். புறப்படும்போது டாக்டர் தடிமனான கையுறை ஒரு ஜோடியைப் பற்றிப் பேசினார். மாஸ்டர் மறுத்துப் பேசவில்லை. அவளும் வீட்டுக்கு வந்து ஒன்றும் கேட்கவில்லை. மாத்திரையைத் தட்டில் வைப்பாள், தண்ணீர் வைப்பாள். அவர் போட்டுக்கொள்வார். நோட்டில் சரி போட மட்டும் அவள் கை போகவில்லை. பார்த்ததைத்தானே எழுத முடியும்? ஆறு வருஷம் பார்த்ததையே நம்ப முடியாமல் போனபிறகு எதை எழுதுவது? அந்தப் பக்கங்கள் வெறுமையாகவே இருந்தன.

மூன்று வாரம் கழித்துக் கடையைத் திறந்தார்கள். வேலைகள் தேங்கிக் கிடந்தன. சாயங்காலம் நாலைந்து பேர் வாசலில் காத்திருந்தார்கள். மேசைமேல் ஒரு முழுக் கண்ணாடி. மாஸ்டர் இரண்டு கையிலும் கையுறை மாட்டியிருந்தார். கண்ணாடி சொல்வது கைக்குக் கேட்டதோ இல்லையோ, முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. அளவுகோலை அழுத்தினார். மூச்சை நிறுத்தினார். கடை அடங்கியது.

டிக், டிக், டிக். மேசைக்குப் பின்னால் அவள் கண்ணை மூடிக் கேட்டாள். சர்ர்ர். கோடு விழுந்தது.

கண்ணைத் திறந்தபோது சுவர்க் கடிகாரத்தில் ஆறு. மாத்திரை அவள் உள்ளங்கையில் இருந்தது. கூப்பிட வாயெடுத்தாள், அடக்கிக்கொண்டாள். கோடு போட்டாயிற்று. உடைத்துவிட்டு வரட்டும்.

அவர் கட்டரைக் கீழே வைத்தார். கையுறையை ஒவ்வொன்றாகக் கழற்றி, கோடு போட்ட கண்ணாடியின்மேல் போட்டார்.

“மாமா, கோடு ஆறிடும்” என்றான் மச்சினன்.

அவர் திரும்பவில்லை. காத்திருந்தவர்களை விலக்கிக்கொண்டு மேசைக்கு வந்தார். அவள் உள்ளங்கையிலிருந்து மாத்திரையை எடுத்தார். தம்ளர் தண்ணீரை முழுக்கக் குடித்தார். பிறகு நெடுநெடு உடம்பை வளைத்து அவள் முகத்துக்கு நேரே குனிந்து, கடையிலிருந்த அத்தனை பேருக்கும் முன்னால் வாயை அகலமாகத் திறந்து, நாக்கை மேலே தூக்கிக் காட்டினார்.